அட்டவணையில் அகப்பட்டவன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம் வந்துவிடும். நடுவில் வயலோ பொட்டலோ கிடையாது. கடைகளும் வீடுகளும் அறுபடாமல் தொடர்கின்றன. ஆனால் அந்தச் சாலையில் ஓரிடத்தில் புதுச்சேரிக் காவல்துறையின் எல்லை முடிந்து, விழுப்புரம் மாவட்டக் காவல்துறையின் எல்லை தொடங்குகிறது. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையைத் தாண்டினாலும் அப்படித்தான். பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் போனால் எல்லை இன்னும் பின்னிக் கிடக்கிறது. ஒரு புதுச்சேரிக் கிராமம், அதையடுத்து ஒரு தமிழ்நாட்டுக் கிராமம், மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டையிட்டும் பேரம் பேசியும் பங்கிட்டுக்கொண்ட ஊர்கள், 1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் அந்தப் பங்கீட்டின்படியே இருக்கின்றன.

இந்த வரைபடத்தின் மேல் ஒரு கற்பனைக் குற்றத்தை வைத்துப் பார்ப்போம். சாலையோரம் தனியாகப் படுத்திருந்த ஒருவர் எல்லைக்கு இந்தப் பக்கம் கொல்லப்படுகிறார். நான்கு மாதம் கழித்து அந்தப் பக்கம் இன்னொருவர். இரண்டையும் செய்தவன் ஒருவனே. இரண்டு காவல் நிலையங்கள், இரண்டு முதல் தகவல் அறிக்கைகள், இரண்டு ஆய்வாளர்கள். முதல் ஆய்வாளர் இறந்தவரின் பங்காளிகளை விசாரிப்பார். இரண்டாமவர், குடித்துவிட்டு நடந்த தகராறா என்று பார்ப்பார். இருவருமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்தாலும், இது ஒரு தொடரின் இரண்டு கண்ணிகள் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் எக்கர் 1980களில் இந்த நிலைக்கு இணைப்புக் குருடு என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார்.

யாரென்றே தெரியாத தொடர் குற்றவாளியின் மனத்தை, அவன் விட்டுச்சென்ற தடயங்களிலிருந்து வரைந்து காட்டும் கலையைக் காவல்துறையில் ப்ரொஃபைலிங் என்கிறார்கள். உளச்சித்திரம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது இதுதான்: உளச்சித்திரத்தின் உண்மையான பலம், சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து வரிசைப்படுத்துவதில் இருக்கிறது. மனத்தை ஊடுருவிப் பார்ப்பதாக அது சொல்லிக்கொண்ட இடங்களில் பெரும்பாலும் சறுக்கியிருக்கிறது. அந்தச் சறுக்கலுக்கு உயிரையும் வாழ்க்கையையும் விலையாகக் கொடுத்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

தொடக்கத்தைத் தேட, புதுச்சேரியைப் பல தலைமுறை ஆண்ட நாட்டுக்கே போகவேண்டும்.

1897இன் வசந்த காலத்தில், பிரான்சின் தென்கிழக்கிலுள்ள பெல்லே என்ற சிற்றூருக்கு எமீல் ஃபூர்கே என்ற இளம் விசாரணை நீதிபதி பொறுப்பேற்க வந்தார். பிரெஞ்சு முறையில் விசாரணை நீதிபதி தீர்ப்புச் சொல்பவர் அல்லர். சாட்சிகளை வரவழைத்து, தடயங்களைத் திரட்டி, குற்றத்தைத் துலக்குவதே அவர் பணி. அவர் மேசையில் முடிவு காணாத கோப்பு ஒன்று கிடந்தது. 1895 ஆகஸ்ட் இறுதியில் பெனோன்ஸ் என்ற மலைக் கிராமத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த விக்தோர் போர்த்தாலியே என்ற சிறுவன் கழுத்தறுபட்டு, வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தான். அக்கம்பக்கத்தில் அலைந்த நாடோடி ஒருவனை ஊரார் பார்த்திருந்தார்கள். அவன் கிடைக்கவில்லை; கோப்பு மூடப்பட்டுவிட்டது.

1897 ஜூனில் லியோன் நகருக்கு அருகே கூர்சியூவில் இன்னொரு மேய்ப்பச் சிறுவன் அதே விதமாகக் கொல்லப்பட்டான். ஃபூர்கே பழைய கோப்பை மறுபடி திறந்தார். வெவ்வேறு மாவட்டங்களில் தீராமல் கிடந்த இதே சாயல் வழக்குகளின் கோப்புகளை வரவழைத்தார். பிறகு அவர் செய்த வேலைக்கு மனநூல் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு அட்டவணைகள் போட்டார். முதலாவதில் குற்றங்கள்: எந்த மாதம், எந்த வேளை, இறந்தவர் செய்துகொண்டிருந்த வேலை, காயங்கள் எங்கெங்கே, எந்த வரிசையில், உடலை எங்கே இழுத்துப்போட்டிருந்தான். இரண்டாவதில் மனிதன்: அந்தந்த ஊரில் சாட்சிகள் கண்ட அந்நியனின் வயது, உடை, தாடி, முகம், குரல், கையிலிருந்த மூட்டை. கட்டம் கட்டமாக நிரப்பியபோது, நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் ஒரே ஆளை வர்ணித்திருப்பது தெரிந்தது. சுமார் முப்பது வயது, கறுத்த தாடி, கோணிய வாய், முகத்தில் தழும்பு.

ஜூலையில் அந்த வர்ணனை நாடெங்குமுள்ள நீதிபதிகளுக்குப் போனது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆர்தேஷ் மாவட்டத்தில், ஒரு பெண்ணைத் தாக்கியவன் பிடிபட்டான். அவனுக்குக் கிடைத்தது மூன்று மாதச் சிறைதான். ஃபூர்கேயின் சுற்றறிக்கை மட்டும் இல்லையென்றால் அது முடிந்ததும் அவன் மறுபடியும் சாலையில் இறங்கியிருப்பான். பெயர் ஜோசப் வாஷே. முன்னாள் ராணுவ சார்ஜென்ட். 1893இல் தன்னை மணக்க மறுத்த பெண்ணைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டவன். தலையில் தங்கிவிட்ட குண்டுதான் முகத்தைக் கோணலாக்கியிருந்தது. மனநலக் காப்பகத்தில் வைத்திருந்து, குணமாகிவிட்டான் என்று 1894 ஏப்ரலில் வெளியே விட்டிருந்தார்கள். சில வாரங்களில் முதல் கொலை. நாடோடிகளைப் பற்றி ஒரு நூல் எழுதுவதாகச் சொல்லி ஃபூர்கே அவனிடம் பேச்சுக் கொடுத்தார். நடந்த ஊர்களை அவன் பெருமையாக அடுக்க அடுக்க, அவை அட்டவணையோடு பொருந்திக்கொண்டே வந்தன. கடைசியில் 11 கொலைகளை ஒப்புக்கொண்டான்.

ஃபூர்கே அவன் மனத்தைப் பற்றி எதையும் ஊகிக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். தாயின் மேல் வெறுப்பா, சிறு வயதில் அடிபட்டவனா என்ற கேள்விகள் அட்டவணையில் எங்கும் இல்லை. மனம் பற்றிய கேள்வி அவன் பிடிபட்ட பிறகே வந்தது, அதுவும் சட்டத்துக்காக. செயலைச் செய்த வேளையில் புத்தி பேதலித்திருந்தால் குற்றமே இல்லை என்றது 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், 64ஆம் பிரிவு. லியோனின் புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் அலெக்சாந்தர் லக்கசாஞ்சும் உடன் இரு மருத்துவர்களும் வாஷேயை மாதக்கணக்கில் பரிசோதித்தார்கள். தன் செயலுக்குப் பொறுப்பேற்கும் நிலையில் இருந்தவன் என்று முடிவுசெய்தார்கள். 1898 டிசம்பர் 31 அன்று கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டது. மருத்துவர்களின் அந்த முடிவு சரியா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

புதுச்சேரியிலும் 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம்தான். அதாவது, அன்று மனநோயாளி ஒருவன் முத்தியால்பேட்டையில் கொலை செய்தால் அவனிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று. கோட்டக்குப்பத்தில் செய்தால் வேறொன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவுக்கு, மனம் பிறழ்ந்திருந்தான் என்பது மட்டும் போதவில்லை. தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத அளவுக்குப் பிறழ்ந்திருந்தானா என்று அது கேட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 22ஆம் பிரிவு. இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதைப் பம்பாய் வழக்கொன்றில் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன், அட்டவணை எப்படி மனவாசிப்பாக மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் 1888இல் ஜாக் தி ரிப்பர் கொலைகளின்போது தாமஸ் பாண்ட் என்ற அறுவை மருத்துவர், கொலைகாரனின் தோற்றம், பழக்கவழக்கம் பற்றி எழுதித் தந்த குறிப்பே பலராலும் முதல் உளச்சித்திரமாகச் சொல்லப்படுகிறது. அதனால் யாரும் பிடிபடவில்லை. 1956இல் நியூயார்க்கில் பதினாறு ஆண்டுகளாக வெடிகுண்டு வைத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி ஜேம்ஸ் ப்ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் சொன்னவை உலகப் புகழ் பெற்றன. பிடிபடும்போது இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு அணிந்து, பொத்தான்களைப் போட்டிருப்பான் என்றுகூட அவர் சொன்னாராம். ஆனால் ஜார்ஜ் மெட்டெஸ்கியைக் கண்டுபிடித்துத் தந்தவர் மின்சார நிறுவனத்தின் அலுவலகப் பெண் ஒருவர். பழைய ஊழியர்களின் இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தவரின் கண்ணில், வெடிகுண்டுக்காரனின் கடிதங்களில் வந்த அதே சொற்றொடர் பட்டது. இங்கும் கோப்புதான் கைகொடுத்தது. புகழ் கோட்டுக்குப் போய்விட்டது.

1970களின் இறுதியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் சிறைகளுக்குச் சென்று பாலியல் கொலைகாரர்கள் 36 பேரிடம் பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததே திட்டமிட்டுச் செய்பவன், தாறுமாறாகச் செய்பவன் என்ற இருவகைப் பிரிப்பு. முதலாமவன் புத்திசாலி, குடும்பஸ்தன், வாகனம் வைத்திருப்பான். இரண்டாமவன் தனியன், மனநோயாளி, குற்ற இடத்துக்கு அருகிலேயே வசிப்பான். நம் திரைப்படங்களுக்கும் இப்படி மனத்தை வரைவதில் விருப்பம் அதிகம். ‘சிகப்பு ரோஜாக்கள்’ முதல் ‘ராட்சசன்’ வரை, கொலைகாரனுக்கு ஒரு ரணமான இளமைக் கதை இருக்கும். அந்தக் கதையைக் கண்டுபிடிப்பவரே அவனையும் கண்டுபிடிப்பார். படத்துக்கு அது பொருந்தும். காவல்துறை அதை நம்பத் தொடங்கினால் ஆபத்து.

ஏனென்றால் அந்த 36 பேரும் தாங்களாகப் பேச ஒப்புக்கொண்டவர்கள். பொய் சொல்வதில் கைதேர்ந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. 2004இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் காண்டரும் சகாக்களும் நூறு அமெரிக்கத் தொடர் கொலைகாரர்களின் ஆளுக்கொரு கொலையை எடுத்து, அந்த இருவகைப் பண்புகள் உண்மையிலேயே தனித்தனிக் கொத்துகளாகச் சேர்கின்றனவா என்று பார்த்தார்கள். சேரவில்லை. திட்டமிடலின் அடையாளங்கள் கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருந்தன. தாறுமாறின் அடையாளங்கள் ஆளுக்கொரு விதமாகக் கலந்திருந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு லாரன்ஸ் அலிசன் குழு செய்த சோதனை என்னை இன்னும் அதிகமாகப் பாதித்தது. உண்மை வழக்கொன்றில் எழுதப்பட்ட உளச்சித்திரத்தைக் காவல் அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். பாதிப்பேருக்கு உண்மையான குற்றவாளியின் விவரம். மறுபாதிக்கு, வயதிலும் வாழ்க்கையிலும் அவனிலிருந்து வெகுவாக மாறுபட்ட, கற்பனையாகப் புனைந்த ஒருவனின் விவரம். இரு தரப்பிலும் பெரும்பாலோர் உளச்சித்திரம் பொருத்தமாகவே இருக்கிறது என்றார்கள். ராசிபலன் படிப்பவருக்கு எல்லா வரியும் தனக்கென்றே எழுதப்பட்டதாகத் தோன்றுமே, அதே மயக்கம்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த மயக்கத்தின் முடிவில் ஒருவர் கையில் விலங்கு மாட்டப்படுகிறது.

லண்டன் விம்பிள்டன் பசும்பரப்பில் 1992இல் ரேச்சல் நிக்கல் என்ற இளம்பெண் தன் குழந்தையின் கண்ணெதிரே கொல்லப்பட்டார். ஓர் உளவியலாளர் தந்த உளச்சித்திரத்தோடு, அங்கே நாயுடன் உலவும் பழக்கமுள்ள ஒருவர் பொருந்துவதாகக் காவல்துறை நம்பியது. காதலிப்பதாக நடிக்க ஒரு பெண் அதிகாரியை அனுப்பி, மாதக்கணக்கில் அவர் வாயைக் கிளறியது. 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தை முற்றாக ஒதுக்கித் தள்ளினார். உண்மைக் கொலையாளி ராபர்ட் நாப்பர், காவல்துறை தவறான ஆளைத் துரத்திக்கொண்டிருந்த 1993இல் வேறொரு தாயையும் அவர் நான்கு வயது மகளையும் கொன்றான். நிக்கல் வழக்கில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2008இல்.

இப்போது பம்பாய். 1965–66இல் புறநகர் ரயில் பாதையை ஒட்டிய குடிசைகளிலும் நடைபாதைகளிலும் தூங்கிக்கொண்டிருந்த 19 பேர் தாக்கப்பட்டனர். 9 பேர் இறந்தனர். கனமான மழுங்கிய ஆயுதத்தால் தலையில் அடி. அந்தப் பகுதியில் சுற்றிய ஒருவனைக் காவலர்கள் பிடித்தார்கள். வழிப்பறிக்காக ஐந்து ஆண்டு சிறையிருந்தவன். காவல்துறைக் கோப்பில் புகைப்படமும் கைரேகையும் இருந்தன. ஆனால் கொலைகளோடு இணைக்க ஆதாரம் இல்லாததால் விட்டுவிட்டார்கள். 1968இல் கொலைகள் மறுபடி தொடங்கின. இம்முறை குற்றப்பிரிவுத் துணை ஆணையர் ரமாகாந்த் குல்கர்ணி பழைய கோப்புகளை மீட்டெடுத்தார். முன்பு பிடிபட்டு விடப்பட்டவனின் படம் காவலர்களின் கைக்குப் போனது. 1968 ஆகஸ்ட் 27 அன்று அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற உதவி ஆய்வாளர், தெருவில் கண்ட ஒருவனை அந்தப் படத்தை வைத்து அடையாளம் கண்டு நிறுத்தினார். கைரேகை உறுதிசெய்தது: ராமன் ராகவ்.

தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவன் என்று சொல்லப்படும் அவனுக்குக் கோப்பில் பல பெயர்கள் இருந்தன: சிந்தி தல்வாய், வேலுசாமி, அண்ணா, தம்பி. பம்பாய் நடைபாதையில் யாரோ யாரையோ கூப்பிடும் உறவுச்சொற்கள் ஒரு கொலைகாரனின் மாற்றுப் பெயர்களாகப் பதிவாகியிருப்பதைப் படிக்கும்போது, அவன் எவ்வளவு முகமற்றவனாக அந்த நகரத்தில் உலவியிருக்கிறான் என்பது புரிகிறது. அவனிடம் கிடைத்தவை: ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு சீப்புகள், கத்தரிக்கோல், ஊதுபத்தி நிறுத்தி, சோப்பு, பூண்டு, தேயிலைத்தூள், கணக்குகள் எழுதிய இரண்டு தாள்கள். விசாரணையில் வாயே திறக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது கோழிக்கறி கேட்டான். பிறகு எண்ணெய், சீப்பு, கண்ணாடி. தலை வாரிக்கொண்ட பிறகு பேசத் தொடங்கினான். இரும்புத் தடியை மறைத்துவைத்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினான்.

இவனை எஃப்.பி.ஐ.யின் இரண்டு பெட்டிகளில் எதில் போடுவது? இடத்தைப் பார்த்து வைத்தவன், இருட்டில் வந்தவன், ஆயுதத்தை ஒளித்தவன், ஆண்டுக்கணக்கில் தப்பியவன் என்று பார்த்தால் திட்டமிட்டவன். வீடு வாசலற்றவன், அன்றாடங்காய்ச்சி, மாயக் குரல்களுக்குக் கட்டுப்பட்டவன் என்று பார்த்தால் தாறுமாறானவன். அவன் மனம் உண்மையில் எப்படி இருந்தது என்பதை மருத்துவர்கள் நேரில் பேசி அறிந்தபோதுகூட அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. காவல்துறை மருத்துவர் மனநோய் இல்லை என்றார். எதிர்த்தரப்பு மருத்துவர் நெடுநாளைய மனச்சிதைவு நோய் என்றார். செயல் இன்னதென்று தெரியும், அது தவறென்றும் சட்டவிரோதமென்றும் தெரியாது என்று 84ஆம் பிரிவின் சொற்களுக்குள்ளேயே நின்று சொன்னார். 1969இல் அமர்வு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அவன் மேல்முறையீடு செய்ய மறுத்துவிட்டான்.

உயர் நீதிமன்றம் மூன்று மனநல மருத்துவர்களின் குழுவை அமைக்கச் செய்தது. அவர்கள் பல முறை அவனோடு நெடுநேரம் பேசினார்கள். உலகங்கள் இரண்டு, ஒன்று ‘கானூன்’ என்ற சட்டத்தின் உலகம், மற்றது இந்தப் பாழ் உலகம் என்று அவன் நம்பினான். தன்னைச் சக்தி என்றான். கடைசிச் சந்திப்பின் முடிவில் மருத்துவர்கள் விடைபெறக் கை நீட்டியபோது, கானூனின் பிரதிநிதியான தான் இந்தப் பொல்லாத உலகத்தவரைத் தொடமாட்டேன் என்று மறுத்துவிட்டான். குணப்படுத்த முடியாத மனநோயாளி என்பதால் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. எரவாடா சிறையிலும் புனே மனநல மருத்துவமனையிலுமாகக் காலம் கழித்து, 1995 ஏப்ரல் 7 அன்று சாசூன் மருத்துவமனையில் சிறுநீரக நோயால் இறந்தான்.

கைகுலுக்கக்கூட மறுத்த அந்த மனத்தை, அவனைக் காணாமலே, குடிசை வாசலில் கிடந்த சடலத்தை வைத்து யாரால் வரைந்திருக்க முடியும்? கானூனின் உலகம் எந்தக் காயத்திலும் பதியவில்லை. பதிந்தவை: வேளை, இடம், ரயில் பாதை, அடியின் திசை. வாஷே பிடிபட்ட அதே 1897இல்தான் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. அஜீஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் ரேகைகளை எண்களாக வகைப்படுத்தித் தந்த முறையின் சிறப்பு, பல்லாயிரம் தாள்களிலிருந்து ஒன்றை நிமிடங்களில் எடுத்துவிடலாம் என்பது. ராமன் ராகவை உறுதிசெய்ததும் கைரேகைதான்.

அவன் அடைபட்டிருந்த காலத்திலேயே, 1985இல் பம்பாயில் இன்னொருவன் தொடங்கினான். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. சயான், கிங்ஸ் சர்க்கிள் பகுதிகளில் தனியாகத் தூங்கும் நடைபாதைவாசிகளின் தலையில், 30 கிலோவரை எடையுள்ள கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்றான். சில ஆண்டுகளில் 12 பேர். ஆறாவது கொலைக்குப் பிறகே இவை ஒரு தொடர் என்று காவல்துறை உணர்ந்தது. இறந்தவர்களில் பலருடைய பெயரே தெரியவில்லை, வந்து அழ உறவினர் இல்லை, எதுவும் திருடுபோகவில்லை. சயானில் உயிர்தப்பிய உணவக ஊழியர் ஒருவர் இருட்டில் முகத்தைப் பார்க்கவில்லை. 1988இல் பம்பாயில் நின்றது. 1989 ஜூனில் கல்கத்தாவில் அதே விதமாக ஒரு கொலை. ஆறு மாதங்களில் 13 பேர். கல்கத்தாப் பத்திரிகைகள் ‘ஸ்டோன்மேன்’ என்று பெயரிட்டன. பலரைப் பிடித்தார்கள், விட்டார்கள். யார் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை.

பம்பாய்க்காரனும் கல்கத்தாக்காரனும் ஒருவரா? இது உளவியல் கேள்வி போலத் தோன்றினாலும், அடிப்படையில் நிகழ்தகவுக் கேள்வி. இரண்டு குற்றங்களை ஒரே கைக்கு உரியவை என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் வேண்டும். அந்த ஆள் ஒவ்வொரு முறையும் ஓரளவு ஒரே மாதிரி நடக்கவேண்டும். அந்த நடத்தை மற்றவர்களிடம் அரிதாக இருக்கவேண்டும். வாஷேயின் காயங்கள் அரிதானவை. தலையில் கல்? நடைபாதையில் ஆயிரக்கணக்கானோர் தூங்கும், கட்டுமானக் கற்கள் எங்கும் குவிந்திருக்கும் நகரத்தில், அந்த ஆயுதத்தை யாரும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை, எடுத்துச்செல்ல வேண்டியதில்லை, ஒளிக்கவும் வேண்டியதில்லை. இன்னொருவன் செய்தியைப் படித்துவிட்டு அதையே செய்யலாம். முன்பகை உள்ளவன், பழி கல்லெறிபவன் மேல் விழட்டும் என்று செய்யலாம். பிரிட்டனில் வீடு புகுந்து திருடுவோரை வைத்து நடந்த ஆய்வுகளில், உள்ளே நுழைந்த விதத்தையும் திருடிய பொருளையும்விட, இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரமே ஒரே ஆளா என்பதைச் சரியாகக் காட்டியது. பம்பாயும் கல்கத்தாவும் இரு கடற்கரைகள்.

கனமான கல்லைத் தூக்கியிருப்பதால் ஆள் உயரமும் வாட்டசாட்டமுமாக இருப்பான் என்று கல்கத்தா காவல்துறை கணித்தது. இதுவும் ஓர் உளச்சித்திரம்தான். கேட்டவுடன் நியாயமாகவே படுகிறது. ஆனால் சிமென்ட் மூட்டை சுமக்கும் ஒல்லியான தொழிலாளியை நம் ஊரில் யார் பார்க்கவில்லை? உயரமானவனை மட்டும் தேடும் கண், அவனைக் கடந்து போய்விடும்.

வரைபடத்தை வைத்துக் குற்றவாளியின் இருப்பிடத்தை ஊகிக்கும் முறை ஒன்று உண்டு. கனடாவில் காவலராக இருந்து ஆய்வாளரான கிம் ராஸ்மோ அதைக் கணக்காக வளர்த்தெடுத்தார். குற்றவாளிகள் வீட்டை விட்டு அதிகத் தூரம் போவதில்லை, வீட்டு வாசலிலேயே செய்வதும் இல்லை என்பது அதன் அடிப்படை. லண்டன் ரயில் நிலையங்களை ஒட்டிக் குற்றம் புரிந்த ஜான் டஃபியை 1986இல் கண்டறிய, காண்டர் கில்பர்ன் வட்டாரத்தைச் சுட்டிக்காட்டினார். அவன் அங்கேதான் வசித்தான்; ஏற்கெனவே இருந்த நீண்ட சந்தேகப் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. இது நல்ல அறிவியல். ஆனால் இந்தக் கணக்குகள் முகவரி உள்ளவர்களை வைத்துப் போடப்பட்டவை. வாஷேக்கு முகவரி இல்லை. ராமன் ராகவுக்கு இல்லை. நடைபாதைவாசிகளைக் கொன்றவனும் நடைபாதைவாசியாக இருந்திருந்தால் அவனுக்கும் இல்லை. எந்தப் புள்ளியை நடுவில் வைப்பது? நம் நாட்டுக்கான கணக்கை நம் நாட்டுக் கோப்புகளிலிருந்துதான் எடுக்கவேண்டும். அந்தக் கோப்புகள் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதே என் ஆதங்கம்.

மனத்துக்குள் குறுக்குவழியில் நுழைய இந்தியாவில் வேறு முயற்சிகளும் நடந்தன. மயக்க ஊசி போட்டு விசாரிப்பது, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைப் பதிவு ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்று 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை நம் சாட்சியச் சட்டம் முன்பிருந்தே ஏற்பதில்லை. இந்தச் சூழலில் உளச்சித்திரத்துக்கு நியாயமான ஓர் இடம் இருக்கிறது: ஆயிரம் பேர் கொண்ட பட்டியலில் யாரை முதலில் விசாரிப்பது என்று வரிசைப்படுத்த உதவுவது. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல அது போதாது. தொலைக்காட்சிகள் ‘சைக்கோ கொலைகாரன்’ என்று எழுத்தோட்டம் விடும் நாளில், ஊரில் தனியாகத் திரியும் மனநோயாளி ஒவ்வொருவரும் அடிபடும் அபாயத்தில் இருக்கிறார். உண்மையில் மனச்சிதைவு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. குற்றம் செய்பவர்களாவதைவிட, குற்றத்துக்கு ஆளாகிறவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள்.

ஆகவே புதுச்சேரியில் சாலையோரம் ஒருவர் இறந்து கிடக்கும் நாளுக்குத் திரும்பலாம். பெயர் தெரியாத அந்த மரணத்தின் பதிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் தொடங்குகிறது. காவலர்கள் பழக்கத்தில் ‘174 கேஸ்’ என்ற பழைய எண்ணாலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். நாட்டின் காவல் நிலையங்களைக் கணினியில் இணைக்கும் திட்டத்துக்கு 2009இல் ஒப்புதல் கிடைத்தது. எல்லைக்கு இரு பக்கமும் அது வந்துவிட்டது. ஆனால் பத்தி பத்தியாக எழுதிய அறிக்கையைக் கணினியால் இன்னொன்றோடு ஒப்பிடுவது கடினம். தொடர் குற்றங்களை இணைத்துப் பார்க்க உதவும் கனடாவின் வைக்ளாஸ் முறையும் அதைப் பின்பற்றிய பிரான்சின் முறையும் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளுக்குக் கட்டம் கட்டமாக விடை கேட்பது அதனால்தான். ஃபூர்கேயின் அட்டவணை கணினியில் ஏறியிருக்கிறது, அவ்வளவே. இங்கே அதைத் தொடங்கப் பொருத்தமான ஒரு மேசை ஏற்கெனவே இருக்கிறது. காயத்தோடு ஜிப்மருக்குக் கொண்டுவரப்பட்டு இறப்பவர்களில் எல்லையின் இரு பக்கத்தவரும் உண்டு. அங்குள்ள தடயவியல் மருத்துவர் இரண்டு காவல்துறைகளின் எல்லையிலிருந்தும் வரும் சடலங்களைப் பார்க்கிறார். தூக்கத்தில் அடிபட்டாரா, அடி எந்தப் பக்கம் விழுந்தது, ஒன்றா பலவா, கல் அங்கே கிடந்ததா எங்கிருந்தாவது கொண்டுவரப்பட்டதா, அதன் எடை என்ன, சட்டைப்பையில் இருந்தவை போயினவா, உடல் நகர்த்தப்பட்டதா, எத்தனை மணிக்கு. இந்தக் கட்டங்களை நிரப்ப இறந்தவரின் பெயரோ ஊரோ தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.